வரவு எழுதாத பேரேடு

காலை ஆறு மணிக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை பக்கம் பெங்களூர் ஹைவேயில் போனால், எங்கே பார்த்தாலும் கம்பெனி பஸ். வந்தவாசி, செய்யாறு, திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளைகள், ஒடிசா, பீகார், அஸ்ஸாம் பிள்ளைகள் எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டையோடு ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இங்கிருந்து வெளியே வந்தது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று ஒரு தலைமுறையே இந்த ரோட்டை நம்பித்தான் அடுப்பு மூட்டுகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு கேட். ஒன்று, செக்யூரிட்டி நிற்கிற இரும்பு கேட். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. அதற்குப் பெயர் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன். சுருக்கமாக பி.ஜி.வி. சர்டிபிகேட் நிஜமா, விலாசம் நிஜமா, பழைய கம்பெனியில் சொல்லிவிட்டு வந்தானா, சொல்லாமல் வந்தானா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஆள் மேல கேஸ் ஏதாவது இருக்கா?"

இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை தேடுகிற விதம்தான் இந்த வாரம் நம்முடைய விஷயம். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் வீடு வாடகைக்கு விடுகிறவராக இருக்கலாம். கார் ஓட்ட ஆள் வைத்திருக்கலாம். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. நாளைக்கு உங்கள் பையனைப் பற்றியும் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்பார்.

முன்பெல்லாம் இதற்கு வக்கீல் குமாஸ்தாவைப் பிடிக்க வேண்டும். அல்லது ஸ்டேஷன் ரைட்டருக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். இப்போது உட்கார்ந்த இடத்தில் வேலை முடிகிறது. 2016 செப்டம்பர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும். வசதி இல்லாத இடங்களில் 72 மணி நேரம் வரை போகலாம். பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், நிலையம், வருடம், எண் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். வந்து நிற்கும்.

நீதிமன்றப் பக்கம் 'ஈ-கோர்ட்ஸ்' இருக்கிறது. மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்வு செய்துகொண்டே போய், வழக்கில் உள்ளவர் பெயரையும் வருடத்தையும் போடலாம். அல்லது காவல் நிலையத்தையும் எஃப்.ஐ.ஆர். எண்ணையும் போடலாம். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, அடுத்த வாய்தா என்றைக்கு, முடிந்ததா, எப்படி முடிந்தது என்று வரும். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் சி.என்.ஆர். என்று ஓர் எண் உண்டு. அது கையில் இருந்தால் இன்னும் சுலபம். காசு கிடையாது.

நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். கோர்ட்டும் போலீஸும் மூடிய கதவுக்குள் இருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வசதியை வைத்து ஒருத்தன் பிழைப்பை முடிவு செய்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது.

முதல் இடி, பெயர். ஏழுமலை என்று ஒரு பையன், வயது 22, ஐ.டி.ஐ. முடித்தவன் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் 'ஈ' போட்டு ஆரம்பிக்கிறவர்களும் உண்டு, 'ஒய்' போட்டு ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. நடுவில் இருக்கிற ழகரத்துக்கு சிலர் 'எல்' போடுவார்கள், சிலர் 'இஸட் ஹெச்' போடுவார்கள். இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், வராமலும் போகும். வடக்கேயிருந்து வருகிற பல பேருக்கு இனிஷியலே கிடையாது. கேஸ் உள்ள ஏழுமலை எழுத்து மாறியதால் தப்பித்துவிடலாம். கேஸே இல்லாத ஏழுமலை எழுத்து ஒத்துப்போனதால் மாட்டிக்கொள்ளலாம். அப்பா பெயர், வயது, விலாசம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதைப் பிரிக்க முடியும். ஒரு நாளைக்கு நூறு பெயரைத் தட்டுகிறவருக்கு அதற்கு நேரம் ஏது?

இரண்டாவது இடி, ஊர். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரத்தோடு நின்றது. 2022 ஜனவரியில் தாம்பரம், ஆவடி கமிஷனரேட்டுகள் வந்தன. பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து நிலையங்கள் சில தாம்பரத்துக்குப் போயின. பழைய கேஸ் ஒன்றை எந்த மாவட்டத்துக்குக் கீழே தேடுவது என்பதே ஒரு புதிர். தேடுகிறவர் தப்பான அறையில் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்பார். அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே கிரிமினல் வழக்குகளின் மூலப் பதிவு கவுன்டி என்கிற உள்ளூர் நிர்வாகத்தின் நீதிமன்றத்தில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பொதுமக்கள் பார்க்க வழி இல்லை. அதனால் கவுன்டி கோர்ட்டுக்கு ஆள் அனுப்பி ஏடு பார்ப்பதற்கென்றே அங்கே ஒரு தொழில் இருக்கிறது.

இந்த இரண்டும் இயந்திரக் கோளாறு. கொஞ்சம் மெனக்கெட்டால் சரி செய்துவிடலாம். மூன்றாவது இடிதான் பெரியது.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதல் வருடத்தில் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பற்று எழுதினால் வரவும் எழுது என்பது. ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைத்தால் அதற்குப் பேரேடு என்று பெயர் இல்லை. நம்முடைய குற்றப் பதிவுகள் ஒரு பக்கப் பேரேடு.

எஃப்.ஐ.ஆர். என்பது என்ன? ஒருத்தர் கொடுத்த முதல் தகவல். அவ்வளவுதான். அது தீர்ப்பு இல்லை. சாட்சியம்கூட இல்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்று அப்பாவும் மகனும் கைதாகி உயிரிழந்தார்கள். அவர்கள் மேல் போலீஸ் போட்ட எஃப்.ஐ.ஆரில், தரையில் உருண்டதால் காயம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தது. நாடே அதைப் படித்தது. பக்கத்துக் கடை சிசிடிவியில் அப்படி ஒரு உருளலே இல்லை. எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் எஃப்.ஐ.ஆர். படிக்கக் கூடாது.

அந்த எஃப்.ஐ.ஆர். மறுநாளே இணையத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு போலீஸ் விசாரித்து 'தவறான தகவல்' என்று கைவிடலாம். குற்றப்பத்திரிகை போடலாம். குற்றப்பத்திரிகைகளையும் பொதுவில் வைக்கச் சொல்லி ஒரு வழக்கு போனது. 2023 ஜனவரி 20-ம் தேதி உச்ச நீதிமன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்கு நியாயமான காரணங்களும் இருந்தன. ஆனால் விளைவு என்ன? கதையின் முதல் அத்தியாயம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நடு அத்தியாயங்கள் பூட்டில் இருக்கின்றன. கடைசி அத்தியாயம் வேறு துறையின் வேறு இணையதளத்தில், வேறு ஒரு எண்ணுக்குக் கீழே கிடக்கிறது. நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கிற வழக்குகள் 4 கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி கிரிமினல். அப்படியென்றால் பல பேருக்குக் கடைசி அத்தியாயம் இன்னும் எழுதப்படவே இல்லை.

இதில் நம்ம ஊருக்கே உரிய ஒரு ஐட்டம் இருக்கிறது. கல்யாண மண்டபக் கைது. 2024 செப்டம்பர் 9-ம் தேதி சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள் நடந்தது. நடுவில் பல தடவை போலீஸ் அவர்களை வண்டியில் ஏற்றியது. அக்டோபர் 1-ம் தேதி மட்டும் நூற்றுக்கணக்கான பேர். ஜெயிலில் இவ்வளவு பேருக்கு இடம் ஏது? கல்யாண மண்டபங்களில் உட்கார வைத்தார்கள். 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் பெண்கள், விடுதிச் சாப்பாடு விஷமானதற்காக இதே ஹைவேயில் உட்கார்ந்தபோதும் பிடித்துக்கொண்டு போய்ப் பிறகு விட்டார்கள்.

காலையில் கைது, மத்தியானம் சாம்பார் சாதம், சாயங்காலம் விடுதலை. நமக்கு இது பழகிப்போன சினிமா காட்சி. அரசியல்வாதிகளுக்கு இது பெருமை. பேட்டி கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த 22 வயதுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள். உன் பெயர் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா, அல்லது 'மற்றும் பலர்' என்கிற சொல்லுக்குள் இருக்கிறாயா? என்ன பிரிவு? கேஸ் நடக்கிறதா, கைவிட்டாச்சா? அவனுக்குத் தெரியாது. அடுத்த கம்பெனி படிவத்தில் 'உங்கள் மீது வழக்கு உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்று டிக் அடிப்பான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கே தெரியாத பதிவை யாரோ தோண்டி எடுத்தால் 'மறைத்தான்' என்று ஆகிவிடும்.

இவன் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். 2020 ஊரடங்கில் வெளியே வந்ததற்காகப் போட்ட வழக்குகளில், சில வகைகள் தவிர, சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். உங்கள் மேலும் ஒன்று இருந்திருக்கலாம். அது நிஜமாகவே கைவிடப்பட்டதா என்று நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கைதானவர் விவரத்தை வெளியில் வை என்று முதலில் கேட்டது யார்? முதலாளிகள் இல்லை. 1986 ஆகஸ்ட் மாதம் மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்த டி.கே.பாசு, போலீஸ் காவலில் ஆட்கள் சாகிறார்கள் என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பர் 18-ம் தேதி தீர்ப்பு வந்தது. கைது செய்தால் குறிப்பு எழுது, சாட்சிக் கையெழுத்து வாங்கு, வீட்டுக்குச் சொல், 12 மணி நேரத்துக்குள் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவி, அங்கே பலகையில் போடு. பிறகு இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறியது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில், 37-ம் பிரிவு, ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் கைதானவர் விவரம் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்கிறது. டிஜிட்டலாகவும் வைக்கலாமாம்.

எதற்காக இவ்வளவும்? "என் பிள்ளை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைகிற அம்மாவுக்காக. எஃப்.ஐ.ஆரை இணையத்தில் போடச் சொன்னதும் அப்படித்தான். தன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு உடனே தெரிய வேண்டும், ஜாமீனுக்கு ஓட வேண்டும் என்பதற்காகக் கேட்டு வாங்கிய உரிமை அது. கைதானவனைக் காப்பாற்ற ஏற்றிய விளக்கு. இன்றைக்கு அந்த வெளிச்சத்தில் யார் என்ன தேடுகிறார்கள் பாருங்கள். அம்மாவுக்கு அந்தப் பலகை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஏஜென்சிக்காரர் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கைதானவனின் வேலைக்குச் சிவப்பு மார்க் போடுகிறார்.

சரி, வழக்கு நடந்து விடுதலையே ஆகிவிட்டால்? அப்போதும் நிம்மதி இல்லை. தமிழ்நாடு காவலர் பணி விதியில் ஒரு விளக்கம் உண்டு. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானாலும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானாலும், அவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இதை ஏற்றுக்கொண்டது. போலீஸ் வேலைக்குக் கூடுதல் கறார் வேண்டும் என்று வாதிடலாம். ஆனால் ஸ்க்ரூ முடுக்குகிற வேலைக்குமா?

ஸ்ரீபெரும்புதூர் என்றாலே நினைவுக்கு வருகிற வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28-ம் தேதி பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை கொடுத்தது. 1999 மே 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. வேறு சிறிய குற்றங்களுக்கான தண்டனையை அவர்கள் ஏற்கனவே அனுபவித்து முடித்திருந்தார்கள். முதல் தீர்ப்போடு ஏட்டை மூடி வைத்திருந்தால் அந்த 19 பேரும் இன்றைக்கும் கொலையாளிகள். அவ்வளவு பெரிய வழக்கிலேயே கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டியிருக்கிறது என்றால், மண்டபக் கேஸுக்கு?

"அப்படின்னா எல்லாத்தையும் மறைச்சிடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம். 2014-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் தன் பெயரை மறைக்கச் சொல்லி வழக்கு போட்டார். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நீதிபதிகளே இரண்டு பக்கமும் நிற்கிற கேள்வி. என் கட்சி, மறைப்பது இல்லை. மறைக்கிற வசதி வந்தால் முதலில் அதை அனுபவிக்கப் போவது ஏழுமலை இல்லை. பெரிய வக்கீல் வைத்துக்கொள்கிறவர்கள்தான். 2002, 2003 தீர்ப்புகளால் வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள கிரிமினல் வழக்குகளை எழுதித் தர வேண்டும் என்று ஆனது. அதை இழக்கக் கூடாது. அந்தப் பிரமாணப் பத்திரத்தைப் படித்த பிறகும் நாம் ஓட்டுப் போடுகிறோம் என்பது வேறு விஷயம். வழக்கு நிலுவையில் உள்ளவர் எம்.எல்.ஏ. ஆகலாம். ஆபரேட்டர் ஆக முடியாது. இது என்ன கணக்கு?

மறைக்க வேண்டாம், முழுசாக எழுதுங்கள் என்பதுதான் நான் கேட்பது. மூன்று காரியம் போதும்.

ஒன்று. எஃப்.ஐ.ஆர். இருக்கிற அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அது என்ன ஆனது என்று வர வேண்டும். கைவிடப்பட்டது, விடுதலை, தண்டனை, நிலுவை. நாலில் ஒன்று. போலீஸ் கம்ப்யூட்டரும் கோர்ட் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள வேண்டும் என்று பல வருடமாகத் திட்டம் போடுகிறார்கள். பேசட்டும்.

இரண்டு. ஒருவரை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், அவரைப் பற்றிய அறிக்கையை அவர் கையில் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. அதன்படி அறிக்கையின் நகலையும் உரிமைகளின் சுருக்கத்தையும் முதலில் கொடுத்தாக வேண்டும். "இது நான் இல்லைங்க, வேற ஏழுமலை" என்று சொல்ல ஒரு வாய்ப்பு. பென்சில்வேனியா மாநிலம் 2018-ல் இன்னும் ஒரு படி போய், தண்டனையில் முடியாத வழக்குகளையும் பழைய சில்லறைக் குற்றங்களையும் தானாகவே பொதுப் பார்வையிலிருந்து ஒதுக்கச் சட்டம் போட்டது. நான் அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. நகலைக் கொடுங்கள், போதும்.

மூன்று. கேஸ் என்றால் என்ன கேஸ் என்று பார்க்க வேண்டும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயங்களை வேலை கொடுப்பவர் பெரிதுபடுத்தாமல் விடலாம் என்று சொன்னது. அதற்கும் முன்னால், 2011-ல், டெல்லி போலீஸில் சேர விண்ணப்பித்த ஒருவர் வழக்கில், ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீனைத் தீர்ப்பிலேயே நினைவுபடுத்தினார்கள் நீதிபதிகள். 1950-ல் நாகையா நடித்து 'ஏழை படும் பாடு' என்று தமிழில் வந்ததே, அந்தக் கதைதான். அரசு வேலைக்கு நீதிமன்றம் சொன்ன இந்த நியாயத்தை, தனியார் எச்.ஆர். மேனேஜர்களும் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

இதெல்லாம் வருகிற வரைக்கும் என்ன பண்றது என்று கேட்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்: உங்கள் பெயரை நீங்களே ஈ-கோர்ட்ஸில் தேடிப் பாருங்கள். எல்லா ஸ்பெல்லிங்கிலும் தேடுங்கள். ஏதாவது போராட்டத்தில் பிடித்து விட்டிருந்தால் அந்தக் குற்ற எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு முடிந்திருந்தால் உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு சேர்த்து வையுங்கள். வக்கீலுக்குக் காசு இல்லையா? 1987-ம் வருடச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச சட்ட உதவி உண்டு. தொழிலாளி என்கிற தகுதியே போதும். காஞ்சிபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கேளுங்கள்.

ஆள் எடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. வருடக் கடைசியில் உங்கள் கம்பெனிக்கு ஆடிட்டர் வருவாரே, அவரிடம் பற்றுப் பக்கத்தை மட்டும் நீட்டி, இதுதான் எங்கள் கணக்கு, கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதையே ஏழுமலையின் ஃபைலுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள்.